கிளவுட் கணக்கில் யாருடைய வேலை 'சேமிப்பு'?

2019இல் ஒரு எக்செல் கோப்பைத் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தின் ஐடி பிரிவில் அப்போது நான் இருந்தேன். நிறுவனத்தின் சர்வர் அறையை மூடிவிட்டு எல்லாவற்றையும் கிளவுடுக்குக் கொண்டுபோனால் ஐந்து ஆண்டில் எவ்வளவு மிச்சமாகும் என்று நிர்வாகத்துக்குக் காட்ட வேண்டும். எங்கள் துறையில் இதற்கு 'பிசினஸ் கேஸ்' என்று பெயர். மூன்று வாரம் உட்கார்ந்து தயாரித்தேன். நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. எனக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. அந்தக் கோப்பின் பதினேழாவது வரியில் 'ஆட்செலவுக் குறைப்பு: 7 பேர்' என்று நானேதான் தட்டச்சு செய்தேன். அந்த ஏழு பேரில் ஒருவர் எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த அண்ணன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கிளவுடுக்கு எதிரானவன் அல்ல. இன்றும் அதில்தான் சோறு தின்கிறேன். அந்தக் கணக்கின் பெரும்பகுதி பொய்யும் அல்ல. தோழர்கள் சிலர் 'கார்ப்பரேட் சூழ்ச்சி' என்று ஒரே சொல்லில் இதைக் கடந்துபோகிறார்கள். அப்படிக் கடந்துவிட்டால் அநீதி எந்த வரியில் நடக்கிறது என்பது தெரியாமலே போய்விடும். அதனால் கணக்கை முதலில் அதன் போக்கிலேயே சொல்கிறேன்.

சொந்தமாகச் சர்வர் வைத்திருக்கும் நிறுவனம், உச்சபட்சத் தேவை எவ்வளவோ அவ்வளவுக்கு வாங்கிப்போட வேண்டும். எங்கள் நிறுவனத்தில் மாதக் கடைசியில் சம்பளமும் சரக்கு இருப்புக் கணக்கும் ஓடும் இரண்டு மூன்று நாட்களில்தான் சர்வர்கள் திணறும். மற்ற நாட்களில் பெரும்பாலானவை சும்மா ஓடிக்கொண்டிருக்கும். சும்மா ஓடினாலும் மின்சாரம் வேண்டும், ஏசி வேண்டும், யுபிஎஸ் பேட்டரி வேண்டும், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் கட்ட வேண்டும். ஐந்து ஆண்டு ஆனால் வாரண்டி முடிந்துவிடும். மொத்தமாகப் புதிது வாங்க முதலாளியிடம் கோடியில் கை நீட்ட வேண்டும். கிளவுடில் இது கிடையாது. இன்னொருவருடைய கணினியை மணிக்கணக்குக்கு வாடகைக்கு எடுக்கிறோம். தேவைப்படும்போது கூட்டிக்கொள்கிறோம், தேவையில்லாதபோது அணைத்துவிடுகிறோம். மூலதனச் செலவாக இருந்தது மாதாந்திர வாடகையாக மாறுகிறது. நிதி அதிகாரிகளுக்கு இந்த மாற்றம் எவ்வளவு பிடிக்கும் என்பதை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள். அமேசான் இந்த வாடகைத் தொழிலை 2006இல் தொடங்கியது. 2008இல் தரவுத்தளம் பழுதாகி மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் நின்ற நெட்ஃபிளிக்ஸ், அந்த அடியிலிருந்துதான் கிளவுடுக்கு நகரத் தொடங்கி 2016 ஜனவரியில் முடித்தது.

சென்னைக்காரர்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் உதாரணம் தேவையில்லை. 2015 டிசம்பர் மழை போதும். எங்கள் சர்வர் அறை தரைத்தளத்தில் இருந்தது. மின்சாரம் போய் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தபோது டீசல் தீர்ந்தது. லாரி வர வழியில்லை. அந்த அண்ணனும் இன்னொருவரும் முழங்கால் தண்ணீரில் கேன் கேனாக டீசல் தூக்கிவந்து ஊற்றினார்கள். பேக்கப் டேப்புகளைக் கோணிப்பையில் சுற்றி மொட்டை மாடி அறைக்கு ஏற்றியதும் அவர்கள்தான். நான்கு ஆண்டு கழித்து நான் தயாரித்த பிசினஸ் கேஸில் வெள்ளத்தின் புகைப்படம் இருந்தது. 'இந்த அபாயத்தை இனியும் சுமக்க வேண்டுமா?' என்று அதன் கீழே எழுதியிருந்தேன். டீசலைச் சுமந்தவர்கள் அந்தப் படத்தில் இல்லை. எனக்கும் அப்போது அது உறைக்கவில்லை.

நான் அந்த அறைக்குள் போன கதையையும் சொல்ல வேண்டும். 2007இல் பாலிடெக்னிக் டிப்ளமோவோடு ஓர் ஒப்பந்ததாரர் மூலமாக இரவு ஷிஃப்ட் டேப் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். எங்கள் காலனியில் கணினி சார்ந்த வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். அறை வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். தூசிக்காக என்றார்கள். ஆனால் ஆயுத பூஜை அன்று அதே ரேக்குகளுக்குச் சந்தனமும் குங்குமமும் பூசி, வாசலில் பூசணிக்காய் உடைத்து, உள்ளே சாம்பிராணிப் புகை போடுவார்கள். அன்றைக்கு மட்டும் புகை கண்டறியும் கருவியை அணைத்து வைப்பது என் வேலை. கருவறைக்குள் எல்லோரும் போகும் உரிமை கேட்டுக் கடைசி நாள்வரை பேசிய பெரியாரின் மண்ணில், ஒரு கம்பெனி தன் சர்வர் அறையைத் தானாகவே கருவறையாக்கிக்கொண்டது எனக்கு இன்றும் சிரிப்புதான். இரவில் உள்ளே போய் டேப் மாற்றவும் கேபிள் இழுக்கவும் எங்களுக்கு அட்டை உண்டு. பகலில் அதே அறையைப் பற்றி மாடியில் நடக்கும் கூட்டத்தில் எங்களுக்கு நாற்காலி கிடையாது.

அண்ணன் எனக்குப் பத்து வயது மூத்தவர். அரக்கோணத்திலிருந்து ரயிலில் வருவார். ஐடிஐ படித்தவர். எந்த சர்வரின் ஃபேன் எந்தச் சத்தத்தில் ஓடினால் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று காதை வைத்தே சொல்வார். தினமும் காலை ஷிஃப்ட் முடிந்ததும் முந்தைய இரவின் டேப்புகளை ஒரு துணிப்பையில் போட்டு, கம்பெனி கொடுத்த பழைய டிவிஎஸ் வண்டியில் பூந்தமல்லியில் இருந்த இன்னொரு கிளையின் லாக்கரில் வைத்துவிட்டு வருவார். ஆவணங்களில் 'பேரிடர் மீட்புத் திட்டம்' என்று ஆடம்பரமாக எழுதியிருந்தது அந்தத் துணிப்பையைத்தான்.

இப்போது அந்த ஏழு பேரின் கணக்குக்கு வருகிறேன். இரவு ஆபரேட்டர்கள் இரண்டு பேர், ஜெனரேட்டரும் மின்சாரமும் பார்ப்பவர் ஒருவர், ஏசி மெக்கானிக் ஒருவர், ரேக் ஏற்றிக் கேபிள் இழுக்கும் இரண்டு பேர், தரைப்பலகைகளைத் தூக்கி அடியில் சுத்தம் செய்யும் அக்கா ஒருவர். ஐந்து பேர் காலனிக்காரர்கள், இரண்டு பேர் மிகவும் பிற்படுத்தப்பட்ட சமூகத்தவர்கள். நான் கணக்கெடுப்பு எதுவும் நடத்தவில்லை. ஒன்றாகச் சாப்பிட்டவர்கள், ஒருவர் வீட்டுச் சாவுக்கு இன்னொருவர் போனவர்கள் என்பதால் தெரியும். மாடியில் இருந்த ஐடி குழுவிலிருந்து நான்கு பேரைக் கிளவுட் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வின் அளவுகோல் 'கம்யூனிகேஷன்', அதாவது வெண்டரோடு ஆங்கிலத்தில் பேச வருமா என்பது. நான்காவது ஆளாக நான் நுழைந்தேன், அந்த எக்செல் கோப்பின் புண்ணியத்தில். அண்ணனுக்கு லினக்ஸ் கட்டளைகள் என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

இதை யாரும் சாதி பார்த்துச் செய்யவில்லை என்று அன்று அந்த அறையில் இருந்த எல்லோரும் சத்தியம் செய்வார்கள். அது உண்மையாகவும் இருக்கும். யார் ஒப்பந்ததாரர் மூலம் வந்தார், யார் நேரடியாக வளாகத் தேர்வில் வந்தார், யாருக்கு ஆங்கிலம் வீட்டிலேயே கிடைத்தது என்பதெல்லாம் ஏற்கனவே முடிவாகி இருந்தது. அதற்கு மேல் யாரும் புதிதாகச் சாதி பார்க்க வேண்டிய அவசியம் அங்கே இல்லை. சாதி வேலையை மட்டும் பங்கு போடுவதில்லை, வேலை செய்கிற மனிதர்களையே ஒன்றின் மேல் ஒன்றாகத் தட்டுகளில் அடுக்குகிறது என்பதைத்தான் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் வாதிட்டார். அந்த அடுக்கில் கீழ்த்தட்டு எதுவோ அதைக் கழித்துவிட்டு, கழித்ததற்குச் 'சேமிப்பு' என்று பெயர் வைத்தது என்னுடைய எக்செல்.

சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். நிரந்தரத் தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால், அப்போது நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டப்படி ஓராண்டுப் பணிக்கு 15 நாள் ஊதியம் கொடுக்க வேண்டும். இந்த ஏழு பேரும் நிறுவனத்தின் ஆட்களே அல்ல; ஒப்பந்ததாரரின் ஆட்கள். ஒப்பந்ததாரரோ 'வேலையை விட்டு நிறுத்தவில்லை, வேறு சைட்டுக்கு மாற்றுகிறேன்' என்றார். அந்த வேறு சைட் ஓசூரில் இருந்தது. அரக்கோணத்துக்காரர் ஓசூருக்கு எப்படி ஷிஃப்டுக்குப் போவார்? தானாகவே நின்றுகொண்டார். கடைசி நாளில் என்னிடம், "இன்னா தம்பி, மேகத்துக்கு டீசல் ஊத்த ஆள் வேணாமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்று ஆண்டு கழித்து நான் வாக்குறுதி கொடுத்த மிச்சம் என்ன ஆனது? அதையும் மறைக்காமல் சொல்கிறேன். சர்வர்களை அப்படியே தூக்கிக் கிளவுடில் வைத்தோம். தேவையில்லாதபோது அணைக்கலாம் என்பதுதான் கணக்கின் அச்சாணி, ஆனால் எங்கள் மென்பொருள்கள் அணைத்து எழுப்புவதற்காக எழுதப்பட்டவை அல்ல. இரவு பகலாக ஓடின. சோதனைக்கு என்று திறந்தவற்றை யாரும் மூடவில்லை. கிளவுடுக்குள் தரவை அனுப்ப காசு இல்லை, வெளியே எடுக்கத்தான் காசு. அறிக்கைகள் ஒவ்வொரு நாளும் வெளியே வந்துகொண்டிருந்தன. பில் ரூபாயில் வந்தாலும் விலை டாலரில்தான் நிர்ணயம் ஆகிறது. நான் கணக்குப் போட்டபோது டாலர் 70 ரூபாய். பிறகு 80ஐத் தாண்டியது. மூன்றாம் ஆண்டில் மாத வாடகை நான் காட்டிய தொகையைத் தாண்டிவிட்டது. மின்சாரச் செலவில் கொஞ்சம் மிச்சம் வந்தது. வெள்ள பயம் போனது. மற்றபடி சொன்னது சொன்னபடி நடந்த ஒரே வரி பதினேழாவது வரி.

எங்களுக்கு மட்டும் இப்படி ஆகவில்லை. பேஸ்கேம்ப் மென்பொருளை நடத்தும் 37சிக்னல்ஸ் நிறுவனம் 2022இல் கிளவுடுக்கு 32 லட்சம் டாலர் செலவழித்தது. போதும் என்று முடிவெடுத்து ஏறத்தாழ 7 லட்சம் டாலருக்குச் சொந்த சர்வர்கள் வாங்கி வெளியேறியது. டிராப்பாக்ஸ் தன் சேமிப்பகத்தின் பெரும்பகுதியை அமேசானிலிருந்து சொந்த இடத்துக்கு மாற்றி இரண்டு ஆண்டில் ஏறத்தாழ 7.5 கோடி டாலர் மிச்சப்படுத்தியதாக 2018இல் பங்குச்சந்தை ஆவணத்தில் சொன்னது. இவர்கள் பெரிய ஆட்கள், சொந்தப் பொறியாளர் படை வைத்திருப்பவர்கள். திருமுடிவாக்கத்தில் இருக்கும் சிறு தொழிற்சாலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு ஒன்று. கிளவுடை விட்டு வெளியே வந்தபோதும் சர்வர்களைப் பார்க்கும் குழுவின் அளவு மாறவில்லை என்று 37சிக்னல்ஸ் சொன்னது. அப்படியானால் கிளவுடுக்குப் போனால் ஆட்கள் குறைந்தே ஆக வேண்டும் என்பது தொழில்நுட்பத்தின் விதி அல்ல. ஒவ்வொரு நிறுவனமும் எடுக்கும் முடிவு. எங்கள் நிறுவனத்தில் அந்த முடிவை எழுதிக்கொடுத்தது நான்.

சரி, அந்த வேலை எங்கே போனது? கிளவுட் என்றால் வானத்தில் இல்லை. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் இருக்கிறது. கடலடி கேபிள்கள் கரையேறும் நகரம் என்பதால் சென்னையில் அடுத்தடுத்துத் தரவு மையங்கள் எழும்பியிருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 2015இல் இந்தியாவில் கிளவுட் மையங்கள் திறந்தபோது சென்னையும் அதில் ஒன்று. ஜன்னல் இல்லாத உயரமான கட்டடங்கள். ஓஎம்ஆரில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குள்ளும் ஜெனரேட்டர் உண்டு, குளிரூட்டும் எந்திரம் உண்டு, தரையைத் துடைப்பவர் உண்டு. அண்ணன் இப்போது அப்படி ஒரு கட்டடத்தில் ஜெனரேட்டர் பார்க்கிறார். எந்த நிறுவனம் என்று எழுத மாட்டேன், அவர் வேலை போய்விடும். ஆக, மேகத்துக்கு டீசல் ஊற்ற ஆள் வேண்டியிருந்தது. அவரே போய் ஊற்றுகிறார். முன்பு அவருக்கும் முதலாளிக்கும் நடுவில் ஓர் ஒப்பந்ததாரர் இருந்தார். இப்போது மூன்று பேர் இருக்கிறார்கள்: கட்டடத்தை நடத்துபவர், பராமரிப்பு ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே ஆள் அனுப்புபவர். முன்பு சர்வரைத் தொடுவார், டேப் மாற்றுவார், என்னைப் போன்ற ஒருவனுக்குக் கற்றுக்கொடுப்பார். இப்போது சர்வர் கூடத்துக்குள் போக அவருக்கு அட்டை கிடையாது.

எனக்கு அதிகம் வலிப்பது இதுதான். சர்வர் அறையின் இரவு ஷிஃப்ட் எங்களைப் போன்றவர்களுக்கு ஓர் ஏணியாக இருந்தது. டேப் மாற்றப் போனவன் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து அட்மின் ஆனான். கல்லூரிப் பெயரும் ஆங்கிலமும் இல்லாதவன் கையால் தொட்டுக் கற்றுக்கொள்ளும் இடம் அது. மேலே போவதற்கும் கீழே இருப்பதற்கும் நடுவில் இருந்த படிகளை என் எக்செல் எடுத்துவிட்டது. ஏறி முடித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை.

தனியார் நிறுவனத்தின் கதை இது. பொதுத்துறைக்கும் அரசு அலுவலகத்துக்கும் இதே எக்செல் போகும்போது விஷயம் இன்னும் தீவிரமாகிறது. ஒன்றிய அரசு 2014இலேயே 'மேகராஜ்' என்ற பெயரில் அரசுத் துறைகளைக் கிளவுடுக்குக் கொண்டுபோகும் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. மேகங்களின் அரசன்! பெயர் வைப்பதில் மட்டும் நம்மவர்களை அடித்துக்கொள்ள முடியாது. ஓர் அரசு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் ஆபரேட்டர், டெக்னீஷியன், புரோகிராமர் என்று அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் இருக்கும். தமிழ்நாட்டில் அந்தப் பணியிடங்களுக்கு 69 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு: பிற்படுத்தப்பட்டோருக்கு இஸ்லாமியர் உள்ஒதுக்கீடு உட்பட 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு அருந்ததியர் உள்ஒதுக்கீடு உட்பட 18, பழங்குடியினருக்கு 1. அதைக் காப்பாற்ற 1994இல் அரசமைப்புச் சட்டத்தையே திருத்தி ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்த வரலாறு நம்முடையது. கிளவுடுக்கு மாறியதும் அந்தப் பணியிடங்கள் 'தேவையற்றவை' ஆகின்றன. ஓய்வு பெற்றவரின் இடம் நிரப்பப்படாமல் நிற்கும், பிறகு சரண்டர் செய்யப்படும். வேலை தனியார் நிறுவனத்துக்குப் போய்விடும். அங்கே இடஒதுக்கீடு கிடையாது. தனியார் கல்வி நிறுவனங்களில் இடஒதுக்கீடு கொண்டுவர 15(5) என்ற பிரிவைச் சேர்க்க முடிந்த நாட்டில், தனியார் வேலைவாய்ப்புக்கு அப்படி ஒரு பிரிவு இன்றுவரை வரவில்லை.

2022இல் அரசாணை 115 வந்தபோது, அரசுப் பணிகளை அவுட்சோர்சிங் செய்யும் வழி இது, சமூகநீதிக்கு எதிரானது என்று சங்கங்கள் சண்டை போட்டன. நாமும் எழுதினோம். அதே காரியம் 'கிளவுட் மாற்றம்' என்ற பெயரில் ஒரு டெண்டர் ஆவணத்தின் நடுப்பக்கத்தில் வரும்போது யாரும் படிப்பதுகூட இல்லை. காரணம், தொழில்நுட்பம் என்று வந்துவிட்டால் அது நமக்குப் புரியாத, சாதி ஒட்டாத சமாச்சாரம் என்று நாமும் நம்பிவிடுகிறோம். சாதி அங்கே ஒட்டாது என்று நினைப்பவர்களுக்கு 2020 ஜூனை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. சிலிக்கான் பள்ளத்தாக்கின் நட்ட நடுவில், சிஸ்கோ நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளர் சாதியால் ஒடுக்கப்பட்டார் என்று கலிபோர்னியா அரசின் துறையே வழக்குப் போட்டது. மேலாளர்களாக இருந்த இருவர் மீதான வழக்கு 2023இல் திரும்பப் பெறப்பட்டாலும் நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. சாதி அங்கேயே போய் உட்கார்ந்திருக்கும்போது சிறுசேரியில் இல்லாமல் போகுமா?

'பிசினஸ் கேஸ் என்பது லாப நட்டக் கணக்கு, அதில் சமூகநீதியைக் கொண்டுவரச் சொல்கிறீர்களே' என்று என் அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விபோலத்தான் தெரியும். ஆனால் அந்தக் கணக்கில் என்னென்ன வரிகள் இருக்க வேண்டும் என்பதை எந்தக் கடவுளும் எழுதிவைக்கவில்லை. நான் முதலில் தயாரித்தபோது கரியமில வாயு வெளியேற்றம் என்று ஒரு வரி கிடையாது. இன்று எல்லோரும் சேர்க்கிறார்கள். 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைத் தொடர்ந்து, நயாரா எனர்ஜி என்ற எண்ணெய் நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளைத் திடீரென நிறுத்தியது. சொந்த மின்னஞ்சலையே திறக்க முடியாமல் அந்த நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் சில நாட்களில் சேவை திரும்பியது. அடுத்த வாரமே என்னிடம் இரண்டு வாடிக்கையாளர்கள், 'கிளவுட்காரன் கதவை மூடினால் என்ன செய்வது என்று ஒரு வரி சேருங்கள்' என்றார்கள். சேர்த்தேன். உரிமையாளருக்கு பயம் வந்தால் ஒரே வாரத்தில் வரி சேர்கிறது. பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்கள் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும் என்று செபி கட்டாயமாக்கிய பொறுப்பு அறிக்கையில், ஊழியர்களை ஆண், பெண், மாற்றுத்திறனாளி என்று பிரித்துக் காட்டும் அட்டவணை இருக்கிறது. சாதி வாரியான அட்டவணை இல்லை. கேட்காததால் யாருக்கும் தெரியாது. தெரியாததால் பிரச்சினையே இல்லை என்று ஆகிவிடுகிறது.

அதனால் என் கோரிக்கை பெரிய புரட்சி ஒன்றும் அல்ல, இன்னும் சில வரிகள். ஆட்செலவு என்ற வரிக்குப் பக்கத்தில், போகிறவர்கள் யார், நிரந்தரமா ஒப்பந்தமா, எத்தனை ஆண்டு வேலை செய்தார்கள் என்ற விவரம் வேண்டும். பயிற்சிச் செலவு என்ற வரியில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் வர வேண்டும். டேப் ஆபரேட்டர் ஒருவருக்கு ஆறு மாதச் சம்பளத்தோடு கிளவுட் பயிற்சி கொடுக்க ஆகும் செலவு, நாங்கள் வெண்டருக்குக் கொடுத்த ஆலோசனைக் கட்டணத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அரசு நிறுவனம் என்றால், இந்த மாற்றத்தால் எத்தனை பணியிடம் ஒழிகிறது, அவற்றில் எந்த இனச்சுழற்சிக்கு எத்தனை இடம் போகிறது என்பதை டெண்டர் விடும் முன்பே வெளியிட வேண்டும். வேலையை எடுக்கும் தனியார் நிறுவனம் அதே விகிதத்தில் ஆள் எடுக்க வேண்டும் என்பதை ஒப்பந்த நிபந்தனையாக வைக்க வேண்டும். அரசு டெண்டரில் ஆயிரம் நிபந்தனை போடுகிறது, இதைப் போட முடியாதா? சட்டச் சிக்கல் வரும் என்பார்கள். வரட்டும், நீதிமன்றத்தில் பேசுவோம். எந்தச் சமூகநீதி ஆணை சிக்கல் இல்லாமல் வந்திருக்கிறது?

இந்தத் துறையில் வேலை செய்யும் இளம் தோழர்களுக்குத் தனியாக ஒன்று. இந்தக் கோப்பை நாளை நீங்கள்தான் தயாரிப்பீர்கள். பெரிய அதிகாரிகள் தயாரிப்பதில்லை; அவர்கள் கடைசிப் பக்கத்தின் மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பார்கள். 'ஆட்செலவு' என்ற கட்டத்தில் எண்ணைப் போடும் விரல் உங்களுடையதாக இருக்கும். 2019இல் என்னால் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் 'இருவருக்குப் பயிற்சி தரலாம்' என்று ஒரு குறிப்பு எழுதியிருக்க முடியும். எழுதியிருந்தால் வேலை போயிருக்காது, பதவி உயர்வு ஓராண்டு தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான். நான் எழுதவில்லை. காலனியிலிருந்து வந்தவன் என்று அங்கே யாருக்கும் தெரியக் கூடாது என்ற பயம் எனக்கு இருந்தது. அவர்களுக்காகப் பேசினால் 'இவனும் அந்த ஆள்தான்' என்று தெரிந்துவிடும். இதைச் சொல்ல இத்தனை ஆண்டு ஆகியிருக்கிறது.

கிளவுட் சில கதவுகளைத் திறக்கவும் செய்திருக்கிறது, மறுக்க மாட்டேன். கோடி ரூபாய் சர்வர் அறையை வைத்திருப்பவன்தான் தொழில் தொடங்க முடியும் என்ற நிலை போய்விட்டது. ஒரு மடிக்கணினியும் இணையமும் இருந்தால் பெரிய நிறுவனம் பயன்படுத்தும் அதே எந்திரத்தில் ஒரு மாணவி பழகலாம். ஆனால் அந்தக் கதவிலும் ஒரு காவலாளி நிற்கிறான். இலவசக் கணக்கு திறக்கவே கிரெடிட் அல்லது டெபிட் கார்டு கேட்கும். பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். வேலைக்கு எடுப்பவர்கள் கேட்கும் சான்றிதழ்களில் ஒன்றான அமேசானின் அசோசியேட் நிலைத் தேர்வுக்குக் கட்டணம் 150 டாலர். நம் பணத்தில் 12,000 ரூபாய்க்கு மேல். தோற்றால் மறுபடியும் கட்ட வேண்டும். நம் இயக்கங்கள் இரவுப் பாடசாலையும் போட்டித் தேர்வு வகுப்பும் நடத்துகின்றன. அவற்றில் வாரம் ஒரு நாள் இதையும் தமிழில் சொல்லிக்கொடுக்கலாம். தேர்வுக் கட்டணத்துக்கு ஒரு நிதியும் சேர்க்கலாம். நான் கூப்பிட்டால் வருகிறேன்.

போன மாதம் அண்ணன் போன் செய்தார். மகள் அரசுக் கலைக் கல்லூரியில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

"தம்பி, பாப்பா எதோ கிளவுடு படிக்கணுமாம். கணக்குத் தொறக்க கார்டு நம்பர் கேக்குதாம். என் கார்ட போட்டா எடுக்கல. ஸ்காலர்ஷிப் வர்ற பேங்க்குல அவளுக்குக் கார்டே குடுக்கல. உன்னுத போடலாமா? காசு எதுனா புடிச்சா நான் குடுத்துடறேன்."

என் கார்டு எண்ணைப் போட்டுக் கணக்கைத் திறந்து கொடுத்தேன். சரிபார்க்க இரண்டு ரூபாய் பிடித்தது. தவறிப்போய் எதையாவது அணைக்காமல் விட்டால் தெரியட்டும் என்று 500 ரூபாயைத் தாண்டினால் எச்சரிக்கை வரும்படி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் வீடியோ அழைப்பில் உட்காருகிறோம். அண்ணன் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த களைப்போடு அவள் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். போன வாரம் அவள் ஒரு சர்வரை எழுப்பியதும், "இதுக்கு ஃபேன் சத்தம் கேக்காதா?" என்றார்.